மிதப்பது பதர், முங்குவது மணி
(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



கார் ஆனாலும் பிசானம் ஆனாலும், நாற்றங்கால் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலையைப் பற்றி இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஒரு வாளி, கொஞ்சம் உப்பு, ஒரு கோழி முட்டை, இவ்வளவுதான் செலவு. ‘இது எங்களுக்குத் தெரிந்ததுதானே’ என்று சிலர் நினைக்கலாம். எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் நான் ஒரு தடவை நஷ்டப்பட்டேன். அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முந்தி நடந்தது. எங்கள் வயல் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். அந்த வருஷம் பிசான அறுவடையில் எடுத்த நெல்லையே காருக்கு விதையாக வைத்துக்கொண்டேன். கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் மழையில் அடிபட்ட நெல் அது. தூற்றிக் காயவைத்து, சாக்கில் கட்டி வைத்தாயிற்று. கையில் அள்ளிப் பார்த்தால் நல்ல நெல்லாகத்தான் தெரிந்தது. விதைக்கும் நாளில் வாளியில் தண்ணீர் எடுத்து, உப்பைப் போட்டு, முட்டையை விட்டேன். ரெண்டு கை உப்புப் போட்டதுமே முட்டை மேலே வந்துவிட்டது. ‘பரவாயில்லையே, உப்பு மிச்சம்’ என்று சந்தோஷத்தோடு விதையைக் கொட்டினேன். கொஞ்சம் பதர் மட்டும் மிதந்தது. அதை அரித்து எடுத்துவிட்டு, மிச்சத்தை முளைகட்டி விதைத்தேன்.

எட்டாம் நாள் நாற்றங்காலைப் பார்த்தால் சொட்டை சொட்டையாகக் கிடக்கிறது. முளைத்ததிலும் பாதி, சோகை பிடித்த பிள்ளை மாதிரி வெளிறி நிற்கிறது. பக்கத்து வயல்காரரிடம் நாற்று முடிகளை விலைக்கு வாங்கித்தான் நட்டேன். நடவும் பத்து நாள் பிந்திவிட்டது. கையில் இருந்த காசும் போயிற்று.

வீட்டில் எல்லோரும் மழையைத் திட்டினார்கள், மண்ணைத் திட்டினார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கள் ஆச்சி மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஏலே, நீ போட்ட முட்டை எத்தனை நாள் முட்டைலே?”

அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குள்ளே ‘ஒப்படர்த்தி’ என்கிற பாடம் முழுக்க அடங்கியிருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அதை இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

மரக்காலும் தராசும்

நம் நெல்லைச் சீமையில் நெல்லை மரக்காலால் அளந்தார்கள். இருபத்தொரு மரக்கால் சேர்ந்தால் ஒரு கோட்டை. வயலின் பரப்பைக்கூட ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ என்றுதான் சொல்லுவார்கள். மரக்கால் அளப்பது இடத்தை. எவ்வளவு இடத்தை நெல் அடைக்கிறது என்று அது சொல்லும். இதற்குக் கனஅளவு என்று பெயர். தராசு அளப்பது எடையை.

ஒரு லிட்டர் படியில் நல்ல விதைநெல்லைத் தலைதட்டி அளந்து நிறுத்துப் பாருங்கள். அதே ரகத்தில் பதரும் கருக்காயும் கலந்த நெல்லை அதே படியில் அளந்து நிறுத்துப் பாருங்கள். படி ஒன்றுதான், இடம் ஒன்றுதான், ஆனால் எடை குறையும். ‘ஆத்துல போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். விதை விஷயத்தில் அளந்தால் மட்டும் போதாது, நிறுக்கவும் வேண்டும். வெறும் நிறுப்பதும் போதாது. பத்துக் கிலோ என்றால் பதர் கலந்ததும் பத்துக் கிலோதான், சுத்த மணியும் பத்துக் கிலோதான்.

ஆகவே எடை, கனஅளவு இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடையைக் கனஅளவால் வகுத்தால் வருவதுதான் அடர்த்தி. ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராம்தான். ஒரு லிட்டர் தேன் சுமார் 1,400 கிராம். அதனால்தான் எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, தேன் அடியில் போய் இறங்குகிறது. ஒரு பொருள் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்று சொன்னால் அது ஒப்படர்த்தி. தண்ணீர் 1 என்றால் தேங்காய் எண்ணெய் 0.92, தேன் 1.4. இதற்குக் கிலோ, லிட்டர் என்கிற அலகு கிடையாது. வெறும் மடங்குதான்.

விதி மிகவும் எளிது. எந்தத் திரவத்தில் போடுகிறோமோ அதைவிட அடர்த்தி குறைந்த பொருள் மிதக்கும், அடர்த்தி கூடின பொருள் முங்கும்.

உமி ஒரு கூடு

நெல்லில் இதைக் கவனிக்க ஒரு முக்கியமான காரணம் உண்டு. கதிர் வெளியே வருவதற்கு முன்னாலேயே உமிக்கூடு தன் முழு அளவுக்கு வளர்ந்துவிடுகிறது. பூத்து முடிந்த பிறகுதான் உள்ளே பால் பிடித்து, அரிசி நிரம்புகிறது. வீடு முதலில் கட்டியாகிவிட்டது, குடிவருகிறவர் பிறகுதான் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழை, பூச்சி, தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஏதாவது ஒன்று அந்தச் சமயத்தில் வந்தால், கூடு முழுசாக இருக்கும், உள்ளே அரிசி பாதிதான் இருக்கும். இதுதான் கருக்காய். வெளியிலிருந்து பார்த்தால் முழு நெல்லும் கருக்காயும் ஒரே அளவு, ஒரே நிறம். கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தை அடர்த்தி காட்டிக் கொடுத்துவிடும். இடம் ஒன்றாக இருக்கும்போது, எடை கூடுவதும் குறைவதும் உள்ளே இருக்கிற அரிசியால்தானே?

வெறும் பதரின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. அது பச்சைத் தண்ணீரிலேயே மிதந்துவிடும். நன்றாக நிரம்பிய மணி, உமியோடு சேர்த்து, தண்ணீரைவிடக் கனம். அது முங்கிவிடும். நடுவில் மாட்டிக்கொள்வது கருக்காய். அதுவும் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் நல்ல மணியோடு சேர்ந்து அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசுவது மட்டும் போதாது என்று சொல்வது இதனால்தான். கருக்காயை மேலே கொண்டுவர வேண்டுமானால், நெல்லை நாம் மாற்ற முடியாது. தண்ணீரின் அடர்த்தியைத்தான் கூட்ட வேண்டும். அதற்குத்தான் உப்பு.

இந்த முறையைக் கணக்குப் போட்டு வகுத்தவர், ஜப்பானில் ஃபுகுவோகா வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியராக இருந்த யோகோய் தோகியோஷி. வருஷம் 1882. அவர்கள் ஊர்ச் சாதாரண நெல்லுக்கு 1.13 என்கிற ஒப்படர்த்தி உள்ள உப்புத் தண்ணீரை வைத்தார்கள். அவர்கள் நெல் குட்டையாக, குண்டாக இருக்கும். நம்முடைய ரகங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. நாம் முட்டையை வைத்துப் பார்க்கிற தண்ணீர் ஏறக்குறைய 1.1 வரும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. அதில் 1½ கிலோ உப்பைக் கரைத்தால் மொத்த எடை 11½ கிலோ. ஆனால் கனஅளவு 11½ லிட்டர் ஆவதில்லை. உப்பு கரைந்து தண்ணீருக்குள்ளேயே அடங்கிவிடுவதால், ஏறக்குறைய 10½ லிட்டர்தான் இருக்கும். 11½-ஐ 10½-ஆல் வகுத்தால் 1.095. அதாவது, கிட்டத்தட்ட 1.1.

‘லிட்டர் கணக்காக அளக்க என்னிடம் பாத்திரம் இல்லையே’ என்றால், அதற்கும் வழி உண்டு. மளிகைக் கடையில் இருக்கிற மின்னணுத் தராசும் ஒரு காலி பாட்டிலும் போதும். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

காலி பாட்டில் 25 கிராம். வாய் தளும்பத் தண்ணீர் பிடித்து நிறுத்தால் 1,045 கிராம். ஆக, தண்ணீர் மட்டும் 1,020 கிராம். தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே பாட்டிலில் உப்புத் தண்ணீரைத் தளும்பப் பிடித்து நிறுத்தால் 1,147 கிராம். ஆக, உப்புத் தண்ணீர் மட்டும் 1,122 கிராம். 1,122-ஐ 1,020-ஆல் வகுத்தால் 1.1. அந்தப் பாட்டில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று நமக்குத் தெரியவே வேண்டாம், பார்த்தீர்களா? ஒரே பாட்டிலாக இருந்தால் சரி. ஒப்படர்த்தியில் இருக்கிற சௌகரியம் இதுதான்.

நெல்லுக்கும் இப்படியே பார்க்கலாம். தண்ணீரில் முங்குகிற நெல்லாகப் பார்த்து, காய்ந்தது 200 கிராம் எடுங்கள். அதே பாட்டிலில் போட்டு, தளும்பத் தண்ணீர் ஊற்றி, தட்டித் தட்டிக் காற்றுக் குமிழியைப் போக்கி, மறுபடி தளும்ப நிரப்புங்கள். நெல் ஊறுவதற்குள் சட்டென்று நிறுத்துவிட வேண்டும். தண்ணீர் நிறைந்த பாட்டில் 1,045, நெல் 200, கூட்டினால் 1,245. தராசு 1,075 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 170 கிராம் எங்கே போயிற்று? நெல் போய் உட்கார்ந்த இடத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் இல்லை, அதுதான் 170. நெல் 200, அது அடைத்த இடத்துத் தண்ணீர் 170. வகுத்தால் ஏறக்குறைய 1.18. இந்த நெல் 1.1 உப்புத் தண்ணீரில் முங்கும். 1.05 உள்ள கருக்காய் மேலே வந்துவிடும்.

செய்முறை

பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோ எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு இரும்பை அரித்துவிடும் என்பதால் தகர வாளி வேண்டாம். 10 லிட்டர் தண்ணீரில் முதலில் ஒரு கிலோ கல்லுப்பைப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். கரையாத உப்பு அடியில் கிடந்தால், அடித் தண்ணீர் கனமாகவும் மேல் தண்ணீர் லேசாகவும் இருந்து நம்மை ஏமாற்றும். பிறகு முட்டையை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக உப்பைச் சேர்த்துக்கொண்டே போங்கள். முட்டை மேலே வந்து, அதன் தலை பழைய நாலணாக் காசு அகலத்துக்கு வெளியே தெரிந்தால் தண்ணீர் தயார். நாலணா 2011-லேயே செல்லாமல் போய்விட்டது. பார்க்காத பிள்ளைகளுக்கு, இன்றைய ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுச் சிறிய வட்டம் என்று சொல்லுங்கள். ஒன்றரை கிலோவுக்கு மேல் உப்பு ஆகும். ஈர உப்பாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். ஆகவே உப்பின் எடையைவிட முட்டையை நம்புவது நல்லது.

முட்டையை எடுத்துவிட்டு, விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். மூக்குள்ள நெல்லிலும் சுணையுள்ள நெல்லிலும் காற்று ஒட்டிக்கொண்டு, நல்ல மணியையும் தூக்கி நிறுத்தும். கலக்கினால் குமிழி விட்டுப் போகும். மிதப்பதை அரிப்பால் எடுத்துவிடுங்கள். முங்கினதை உடனே எடுத்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். அலசியதை உடனே ஊறப்போடலாம், அல்லது நிழலில் உலர்த்தலாம். அதே தண்ணீரை அடுத்தடுத்த தடவைக்கும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு தடவையும் முட்டையை விட்டுப் பார்த்து, இறங்கியிருந்தால் உப்புச் சேர்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அந்தத் தண்ணீரை நாற்றங்காலிலோ வாய்க்காலிலோ தென்னை மூட்டிலோ கொட்டாதீர்கள். மிதந்த நெல்லை அலசிக் காயவைத்துக் கோழிக்குப் போடலாம். மருந்து கலந்த விதையாக இருந்தால் மட்டும் கோழிக்கும் வேண்டாம், மாட்டுக்கும் வேண்டாம்.

மிதந்தது ரொம்ப அதிகமாக இருந்தால் என்ன செய்வது? அதில் பத்து நெல்லை எடுத்து நகத்தால் உரித்துப் பாருங்கள். உள்ளே அரை அரிசியாக இருந்தால் விதைதான் மோசம், வேறு விதை தேடுங்கள். முழு அரிசியாக இருந்தால் உப்புக் கூடிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் தண்ணீர் சேருங்கள். ரகத்துக்கு ரகம் இது மாறும். 1937-ல் தொடங்கிய நம் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் கொடுத்த அம்பை 16 குண்டு ரகம். சன்ன ரகம் போடுகிறவர்கள் உரித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆச்சியின் கேள்வி

இப்போது ஆச்சியின் கேள்விக்கு வருவோம். புது முட்டையின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.08 இருக்கும். அதனால் நல்ல தண்ணீரில் அடியில் படுத்துக் கிடக்கும். நாள் ஆக ஆக ஓட்டின் நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறி, அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். ஓடு அதே அளவு, எடை மட்டும் குறைகிறது. கருக்காயின் கதையேதான். அடர்த்தி குறையக் குறைய முட்டை தண்ணீரில் எழுந்து நிற்கும். ரொம்பப் பழையதானால் பச்சைத் தண்ணீரிலேயே மிதந்துவிடும்.

நான் போட்டது கடையில் வாங்கி வீட்டில் பல நாள் கிடந்த முட்டை. ரெண்டு கை உப்பிலேயே அது மிதந்தது. தண்ணீர் தயார் என்று நான் நம்பினேன். கருக்காய் அத்தனையும் அடியில் தங்கிவிட்டது. முட்டைதான் நம் எடைக்கல். எடைக்கல்லே கள்ளக்கல்லாக இருந்தால் வியாபாரம் உருப்படுமா? ஆகவே உப்புப் போடுவதற்கு முன், முட்டையை நல்ல தண்ணீரில் விட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நின்றால் வேறு முட்டை எடுங்கள்.

உப்பளத்திலும் பால் சங்கத்திலும்

இதே கணக்கைத்தான் நம் தாமிரபரணி கடலில் சேருகிற புன்னைக்காயலுக்கு வடக்கே, தூத்துக்குடி உப்பளங்களில் நாள்தோறும் பார்க்கிறார்கள். கண்ணாடிக் குழல் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, எத்தனை டிகிரி என்று பார்ப்பார்கள். கடல் தண்ணீர் ஏறக்குறைய 3½ டிகிரி, அதாவது ஒப்படர்த்தி 1.025. வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியைத் தொடும்போது, அதாவது 1.21 ஆகும்போது, உப்பு படியத் தொடங்கும். 30 டிகிரியை நெருங்கினால் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும் என்று அந்தத் தண்ணீரை வடித்துவிடுவார்கள். நம் விதை வாளித் தண்ணீரில் அந்தக் குழலை விட்டால் சுமார் 13 டிகிரி காட்டும்.

பால் சங்கத்தில் பாலில் விடுகிற குழலும் இதேதான். அது 28 காட்டினால் ஒப்படர்த்தி 1.028 என்று அர்த்தம். தண்ணீர் கலந்தால் குறையும். ஆனால் ஆடையை எடுத்துவிட்டால் கூடும், ஏனென்றால் கொழுப்பு தண்ணீரைவிட லேசு. ஆடையையும் எடுத்துத் தண்ணீரையும் ஊற்றினால் குழல் ஏமாந்துபோகும். அதனால்தான் கொழுப்பையும் தனியாகச் சோதிக்கிறார்கள்.

முங்குவதெல்லாம் முளைக்காது

கடைசியாக ஒரு எச்சரிக்கை. அடர்த்தி சொல்வது, உள்ளே அரிசி நிரம்பியிருக்கிறதா என்பதை மட்டும்தான். உயிர் இருக்கிறதா என்று அது சொல்லாது. ரெண்டு வருஷம் மூட்டையில் கிடந்து உயிர் போன நெல்லும் முங்கத்தான் செய்யும். ஆகவே விதைப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே நூறு நெல்லை எண்ணி, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பாருங்கள். எண்பதாவது முளைக்க வேண்டும். சான்று விதைக்கும் அதுதான் அளவு. முளைப்பு சோதனை, உப்புத் தண்ணீர்த் தேர்வு இரண்டும் சேர்ந்தால்தான் விதை விதையாகும். பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்துகொள்ளுங்கள்.

குறுகிய கால ரகங்களுக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை என்பது சிபாரிசு. கருக்காயும் சேர்ந்த 24 கிலோவைப் போட்டுவிட்டு, நாற்று போதவில்லை என்று அடுத்த தடவை 30 கிலோ, 35 கிலோ போடுகிறவர்கள் உண்டு. விதையைக் கூட்டுவதால் சொட்டை நிரம்பாது. கருக்காய்க்குள்ளே இருக்கிற அரை அரிசிதான் முளைக்கு முதல் கட்டுச்சோறு. அது பத்தாமல் போனால் நாற்று வெளிறத்தான் செய்யும். 2003-04-ல் நம் தாமிரபரணிப் பாசனத்தில் நூறு விவசாயிகள் வயலில் பார்த்தார்களே, அந்தச் செம்மை நெல் சாகுபடியில் ஏக்கருக்கு மூன்று கிலோ விதைதான், குத்துக்கு ஒற்றை நாற்று. அங்கே ஒவ்வொரு நெல்லும் கணக்கு. ஒரு கருக்காய் தப்பிப் போனால் வயலில் ஒரு குத்து போச்சு.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் விதைக்கிற அன்று காலையில், கூட்டிலிருந்து அன்றைக்கு இட்ட முட்டையைத்தான் எடுக்கிறோம். முதலில் நல்ல தண்ணீரில் விட்டு, அது அடியில் படுத்துக் கிடக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உப்பில் கை வைக்கிறோம். நீங்களும் இந்தத் தடவை செய்து பாருங்கள். மிதந்ததைத் தனியே நிறுத்து, பத்துக் கிலோவில் எத்தனை போயிற்று என்று சுவரில் கரியால் எழுதி வையுங்கள். அடுத்த வருஷ விதை இதைவிட நல்லதா மோசமா என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.